இன்வாய்ஸ் அண்ணாச்சியும் மெஷின் ஸ்பேர்ஸ் ஆன பால்கோவாவும்

சரக்கு மற்றும் சேவை வரியைச் செலுத்துபவர்கள் இந்த நாட்டில் உண்டு. செலுத்தாமல் இருப்பதற்காகவே தனியாக ஆள் வைத்திருப்பவர்கள் உண்டு. அதை வைதே வயதானவர்களும் உண்டு. அதைக் காதலித்தவர், எனக்குத் தெரிந்து, ஒருவர்தான். அவர் ராஜபாளையத்தில் இருக்கிறார். எங்கும் எதற்கும் இன்வாய்ஸ், அதாவது பில், கேட்பதால் ஊர் அவரை 'இன்வாய்ஸ் அண்ணாச்சி' என்று அழைக்கிறது.

அவருடைய அலுவலகப் பலகையில் இயற்பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிறது. ஆனால் அந்தப் பலகைக்கு நேர் கீழே நின்றுகொண்டே, "இன்வாய்ஸ் அண்ணாச்சி ஆபீஸ் எங்க இருக்கு?" என்று கேட்பவர்களை நானே பார்த்திருக்கிறேன். பலகையைப் படித்தும் அவர்களுக்கு ஐயம் தீர்ந்திருக்காது.

தொழில்முறையில் அவர் வரி ஆலோசகர். ராஜபாளையத்தில் நூல் கடைகள், பேண்டேஜ் துணி நெய்கிறவர்கள், பம்புசெட் கடைக்காரர்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் என் சித்தியின் பால்கோவாக் கடை. இவர்களுக்கெல்லாம் மாதந்தோறும் கணக்குச் சரிபார்த்து ரிட்டன் தாக்கல் செய்வது அவர் வேலை. முழுக்கை வெள்ளைச் சட்டையோடும் ஹெல்மெட்டோடும் ஸ்கூட்டரில் வருவார். ஸ்கூட்டர் பழுதாகி உருட்டிக்கொண்டு வரும் நாளிலும் ஹெல்மெட்டின் வாரைக் கழற்ற மாட்டார். வாகனம் சாலையில் இருக்கிறதல்லவா என்பார்.

நான் தமிழ் இலக்கியம் படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறை நாள்களில் சித்தியின் கடையில் கணினி முன் உட்கார்ந்து பில் போடுவேன். இலக்கியம் படிக்கிற பிள்ளை, எழுத்துப் பிழை இல்லாமல் பில் போடும் என்பது சித்தியின் கணிப்பு. இலக்கியத்தால் எங்கள் குடும்பம் அடைந்த நேரடிப் பயன் இன்றுவரை அது ஒன்றே.

அண்ணாச்சியின் பெருமையை உணர வேண்டுமானால் 'இன்புட்' என்ற சொல்லைத் தெரிந்துகொள்ள வேண்டும். கடைக்காக வாங்கும் சரக்குக்குக் கட்டிய வரியை, விற்கும் சரக்குக்குக் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். அந்தக் கழிவுக்குத்தான் இன்புட் என்று பெயர். இதை எங்கள் பகுதி மக்கள் சட்டம் வந்த மறுநாளே பழுதறக் கற்றுக்கொண்டார்கள். வீட்டுக்கு வாங்கும் ஏ.சி.யைக் கடையின் பெயரில் வாங்கினால் வரியில் கழியும். ஆகவே இவ்வூரின் பாதிப் படுக்கையறை ஏ.சி.க்கள், சட்டப்படி, ஏதோ ஒரு நூல் கடையில் ஓடிக்கொண்டிருக்கின்றன. மணமகளுக்குச் சீராகப் போன வாஷிங் மெஷின்கள் பம்புசெட் கடைகளில் துணி துவைக்கின்றன.

அண்ணாச்சி மட்டும் தம் வீட்டு மிக்சியை வீட்டின் பெயரிலேயே வாங்கினார். அதற்காக அவர் மனைவி ஒரு வாரம் அம்மியில் சட்னி அரைத்து எதிர்ப்பைத் தெரிவித்ததாகக் கேள்வி.

தேநீர்க் கடையிலும் அவர் பில் கேட்பார். ராஜபாளையம் பேருந்து நிலையத்துக்கு அருகே ஒருமுறை நடந்ததை என் காதால் கேட்டேன்.

"டீக்கு பில்லு இல்லீங்களே அண்ணாச்சி. நான் ஜி.எஸ்.டி. எடுக்கவே இல்ல."

"எடுக்கலைன்னா வரி போடாதீய. வரி இல்லாத பில்லுன்னு ஒண்ணு உண்டு. அதக் குடுங்க."

"பேப்பர் இல்லியே."

"வடைக்கு வச்சிருக்கீயள்ல, அதுல எழுதுங்க."

டீ மாஸ்டர் கையிலிருந்த குவளையைக் கீழே வைத்தார். பிறகு எண்ணெய் படிந்த செய்தித்தாள் துண்டில் 'டீ ஒண்ணு' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுத் தந்தார். அண்ணாச்சி அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வெள்ளைச் சட்டையில் எண்ணெய்க் கறை வட்டமாகப் பரவியது. சட்டம் நிலைநாட்டப்பட்டது.

சுந்தரபாண்டியத்தில் ஒரு திருமணத்துக்குப் போனார். மொய் எழுதும் மேசையில் பணத்தை நீட்டியவர், பாதியில் கையை இழுத்துக்கொண்டார்.

"இது அன்பளிப்பா, அட்வான்ஸா?"

மொய் எழுதிக்கொண்டிருந்தவர் மணப்பெண்ணின் மாமா; நிமிர்ந்தார். "மொய்யில என்ன வே அட்வான்சு?"

"நாளைக்கு எம்மக கல்யாணத்துக்கு இதத் திருப்பிச் செய்வீயளா, மாட்டீயளா?"

"செய்யாம எங்க போகப்போறோம்?"

"அப்ப இது அன்பளிப்பு இல்ல. அட்வான்சு."

"சரி அண்ணாச்சி, அட்வான்சாவே இருந்துட்டுப் போகட்டு. பந்தி போட்டாச்சு, சாப்பிட்டுட்டுப் பொறவு பேசுவோம்."

"சாப்பாடு இலவசமா, இந்தப் பணத்துக்கு ஈடா?"

அன்று அவருக்குத் தனி மேசை போட்டார்கள். மரியாதைக்காக என்று அவர் நினைத்துக்கொண்டார்.

இத்தகைய மனிதர் எங்கள் கடைக்குள் புகுந்தால் என்ன ஆகும்? ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாக் கடை வாசலில் வந்து நிற்பவருக்கு, வாங்குவதற்கு முன் ஒரு விள்ளல் கிள்ளி உள்ளங்கையில் வைப்பது வழக்கம். ருசி பார்த்துவிட்டு வாங்கலாம், வாங்காமலும் போகலாம். வாங்காமல் போவதற்கென்றே தெரு முழுவதும் கடை கடையாகக் கை நீட்டி வயிற்றை நிரப்பிக்கொள்ளும் சுற்றுலாக் குடும்பங்களும் உண்டு. அண்ணாச்சி இந்த வழக்கத்தை முதல் நாளே கண்டுபிடித்து அதிர்ந்தார்.

"இது ஃப்ரீ சேம்பிள். இலவசமாக் குடுத்த சரக்குக்கு இன்புட் எடுக்கப்படாது. சீனிக்கு எடுத்த இன்புட்ட அந்த அளவுக்குத் திருப்பிக் கட்டணும். ஒரு விள்ளல் எம்புட்டு எடை?"

சித்தி கரண்டியை நிறுத்தினார். "கைக்கு வாரதுதான் எடை. இதுல என்னத்தச் சொல்ல?"

"கைக்குக் கை மாறும்லா. ஒரு சின்னத் தராசு வச்சுக்கிடுவோம்."

"அண்ணாச்சி, கணக்க நீங்க பாருங்க. கிள்ளுறத நான் பாத்துக்கிடுதேன்."

ஆனாலும் தராசு வந்தது. நகைக்கடையில் வைப்பதைப் போன்ற சிறிய தராசு. ஒரு முழு நாள், பக்தர்களின் நாவுக்குச் செல்லவிருந்த ஒவ்வொரு விள்ளலும் முதலில் தராசில் ஏறி இறங்கியது. மாலையில் கணக்கிட்டதில், அரசுக்குத் திருப்பிக் கட்ட வேண்டிய தொகை ஒரு சாக்லேட்டின் விலையைக்கூட எட்டவில்லை. தராசின் விலையைப் பற்றி யாரும் பேசவில்லை.

அடுத்தது குரங்கு. மலையடிவாரத்து ஊர் என்பதால் குரங்குகள் கடைத்தெருவின் நிரந்தர வாடிக்கையாளர்கள். ஒரு நாள் ஒரு குரங்கு கால் கிலோ பாக்கெட்டைப் பறித்துக்கொண்டு கூரையில் ஏறியது. சித்தி ஆத்திரத்தில் கைக்குக் கிடைத்த இன்னொரு பாக்கெட்டை அதன் மேல் எறிந்தார். அது அதையும் பிடித்துக்கொண்டது. அண்ணாச்சி இதைக் கேள்விப்பட்டு, "மொதப் பாக்கெட்டு களவு. ரெண்டாவது என்ன? நீங்களா எறிஞ்சதுனால அன்பளிப்பு" என்றார். களவு போனாலும் அன்பளிப்பானாலும் சட்டத்தில் விளைவு ஒன்றே, இன்புட் போய்விடும். ஆயினும் காரணம் சரியாக இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. எங்கள் கடையின் கணக்கில் ஒரு குரங்கு அன்பளிப்புப் பெற்றவராக இடம்பெற்றிருக்கிறது.

இவையெல்லாம் சிரித்துக்கொண்டே சகிக்கக்கூடியவை. சில ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு தீபாவளியில் நடந்தது அப்படிப்பட்டதன்று.

ராஜபாளையத்துப் பஞ்சாலை ஒன்று, தன் தொழிலாளர்கள் அனைவருக்கும் தீபாவளிக்குக் கால் கிலோ பால்கோவா கொடுப்பதாக முடிவு செய்து சித்தியிடம் ஆர்டர் தந்தது. சித்தியின் கடை பார்த்த மிகப் பெரிய ஆர்டர் அது. அதை நம்பிச் சித்தி புதிதாக ஓர் அடுப்புப் போட்டார். சுந்தரபாண்டியத்துப் பால்காரர்களிடம் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு பால் பேசினார். வேறு ஆர்டர்களை வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார். பாக்கெட்டுகள் கடைக்குள் கூரைவரை அடுக்கப்பட்டன. பால்கோவா ஒரு வாரத்துக்கு மேல் தாங்காது என்பது இந்தக் கதைக்கு முக்கியம்.

சரக்கு எடுப்பதற்கு முதல் நாள் ஆலையின் பர்ச்சேஸ் மேனேஜர் காரில் வந்தார். ஒரு விள்ளல் வாங்கிச் சுவைத்தார். தலையை ஆட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா, பில்லுல பால்கோவான்னு போட வேண்டாம். தொழிலாளிக்குச் சும்மா குடுக்குற பொருளுக்கு எங்களுக்கு இன்புட் வராது. மெஷின் ஸ்பேர்ஸ்னு போட்டு பதினெட்டு பெர்சன்ட் போட்ருங்க. அந்த வரிய ஒங்களுக்குத் தந்துருதோம். பொறவு நாங்க கழிச்சுக்கிடுவோம். ஒங்களுக்கு ஒரு நட்டமும் இல்ல."

சித்தி கூரைவரை அடுக்கியிருந்த பாக்கெட்டுகளை ஒருமுறை பார்த்தார். "ஏட்டி, சார் சொல்லுத மாதிரி போடு" என்றார் என்னிடம்.

விசைப்பலகையில் என் விரல் இருந்தது. பின்னாலிருந்து, அப்போதுதான் வந்திறங்கிய அண்ணாச்சியின் குரல் வந்தது. ஹெல்மெட்டுக்குள்ளிருந்து வந்ததால் சற்று முழக்கத்தோடு வந்தது.

"எந்த மெஷினுக்கு சார் ஸ்பேரு?"

மேனேஜர் திரும்பினார். "இவிய யாரு?"

"ஆடிட்டிங் பாக்கவிய" என்றார் சித்தி, அதை ஒரு நோயின் பெயரைச் சொல்வதுபோல.

"இல்ல, தெரிஞ்சுக்கிடக் கேக்கேன். பில்லுல மெஷின் பேரு போடணும்லா. பஞ்சு அடிக்கிற மெஷினா, நூல் நூக்குற மெஷினா? மெஷின் நின்னு போச்சுன்னா கால் கிலோவ அப்பித் தேச்சா ஓடிருமா?"

"என்னண்ணே, எல்லாக் கடையிலயும் போட்டுத் தாராங்க."

"எல்லாக் கடைக்கும் போங்க சார். இந்தக் கடை பால்கோவா விக்கிற கடை. விக்காத ஸ்பேருக்கு பில்லுப் போட்டா நாளைக்கு மாட்டுறது இந்தம்மா. அன்னைக்கு நீங்க இதே காருல வருவீயளா, மாட்டீயளா?"

கார் அன்றே போய்விட்டது. ஆர்டரும் அதில் ஏறிப் போய்விட்டது.

சித்தி கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அண்ணாச்சி, நீங்க சொன்னது நாயந்தான். நாயத்த வச்சிக்கிட்டு நான் இம்புட்டுப் பால்கோவாவ என்ன செய்யட்டும்? ஒரு வாரத்துல இது புளிச்சிரும். பால்காரவுகளுக்கு நான் என்ன பதில் சொல்ல? இது போச்சுன்னா தீவாளிக்குப் பொறவு இந்தக் கடை தொறக்காது" என்றார். பிறகு, "நாளையிலேருந்து நீங்க இந்தக் கடைக்குள்ள வராதீய" என்றார்.

அண்ணாச்சி சரி என்று தலையசைத்தார். உத்தரவுகளை மதிப்பவர்.

மறுநாள் காலை, கடை வாசலுக்கு வெளியே, சாக்கடை மூடியின் மீது அண்ணாச்சி நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு லோடு ஆட்டோ.

"உள்ள வரல. பாப்பாகிட்ட ஒரு வார்த்த. பாப்பா, அம்புட்டுப் பாக்கெட்டும் வண்டியில போறதுக்கு டெலிவரி சலான் ஒண்ணு எடு. கையில வச்சுப் பில்லுப் போடுற அந்தச் சின்ன மெஷின எடு. நீயும் வா" என்றார் என்னைப் பார்த்து.

"எங்க கொண்டு போறீய?" என்றார் சித்தி, அவரைப் பார்க்காமல்.

"மில்லு வாசலுக்கு. மில்லு குடுக்கலைன்னா தொழிலாளி தின்னக் கூடாதுன்னு எந்தச் சட்டத்துலயும் இல்ல."

இப்படியாக, நான்கு பேர் சேர்ந்து பார்த்தால் தலையைக் குனிந்துகொள்ளும் இயல்புடைய நான், ராஜபாளையத்தில் ஒரு பஞ்சாலையின் வாசலில், லோடு ஆட்டோவின் பின்புறத்தில், ஷிப்ட் முடிந்து வெளியே வரும் பெருங்கூட்டத்தின் முன் நிறுத்தப்பட்டேன். கையில் பில் மெஷின். அருகில் ஹெல்மெட் அணிந்த மனிதர்.

"ஏட்டி, இங்க பாரு, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா விக்காவ!"

"ஏலே, நமக்கு ஓசியா வரும்னு சொன்னதுல்லா இது?"

"வருது, வருது. பைய வரும். நீ வாங்கு."

விற்பனை சூடு பிடித்தது. ஆனால் அண்ணாச்சி ஒவ்வொருவருக்கும் பில் போட்டார். போட்டது மட்டுமன்று, விளக்கவும் செய்தார்.

"இந்தா பாரும்மா, இது வரி. பாதி டெல்லிக்கு, பாதி சென்னைக்கு."

சேத்தூரிலிருந்து வேலைக்கு வரும் ஓர் அக்கா பில்லைப் புரட்டிப் பார்த்தார். "அவுக ரெண்டு பேரும் தீவாளிக்கு எனக்கு என்ன தாராக?"

அண்ணாச்சி அவருடைய மீதிச் சில்லறையை இரண்டு முறை எண்ணிக் கொடுத்தார்.

கூட்டம் உச்சத்தில் இருந்தபோது பில் மெஷினில் காகித உருளை தீர்ந்தது. அண்ணாச்சி கையை உயர்த்தினார். விற்பனை நின்றது.

"அண்ணாச்சி, பில்லு வேண்டாம், பாக்கெட்டக் குடுங்க! பஸ்ஸு போயிரும்!"

"ஒனக்கு வேண்டாம்ல, எனக்கு வேணும். செத்த நேரம் நில்லுங்க, ரோல் வாங்கிட்டு வாரேன். பாப்பா, பில்லு இல்லாம ஒண்ணும் குடுத்துறாத."

ஆட்டோவின் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, யாரோ ஒருவரின் பைக்கில் ஏறிப் போய்விட்டார். போகும்போது அந்த ஒருவரையும் ஹெல்மெட் போட வைத்துத்தான் போனார்.

நான் பால்கோவா மலையின் மேல் தனியாக உட்கார்ந்திருந்தேன். கூட்டம் என்னைப் பார்த்தது. நான் கைப்பேசியைப் பார்த்தேன். வேறு செய்வதறியாமல் அந்தச் சட்டத்தையே தேடிப் படித்தேன். இருநூறு ரூபாய்க்குக் குறைவான பொருளை வரிப் பதிவு இல்லாத ஒருவர் வாங்கி, பில் வேண்டாம் என்று சொன்னால், தனித்தனியாகப் பில் தர வேண்டியதில்லை. அன்றைய விற்பனைக்கு மாலையில் ஒரே பில்லாகப் போட்டால் போதும். எங்கள் கால் கிலோ பாக்கெட் இருநூறு ரூபாய்க்கு வெகுவாகக் குறைவு.

அண்ணாச்சி உருளையோடு வந்ததும் திரையை அவரிடம் நீட்டினேன். நிதானமாகப் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார்.

"தெரியும்" என்றார். "ஆனா இது சட்டம் குடுக்குற சலுக. நான் சலுகையெல்லாம் வாங்குறதில்ல."

உருளையை மாட்டினார்.

அவருடைய இந்தப் பிடிவாதத்தின் பயனாக வரிசை நகராமல் நின்றது. வெளியே வந்த ஷிப்ட் போகவில்லை; உள்ளே போக வேண்டிய ஷிப்டும் வந்து சேர்ந்துகொண்டது. இத்தனை பேர் காத்து நின்று வாங்கும் பண்டம் சாதாரணமானதாக இருக்க முடியாது என்று சாலையில் போனவர்களும் இறங்கி நின்றார்கள். ஒரு டவுன் பஸ் நின்று, ஓட்டுநர் சன்னல் வழியாகக் கை நீட்டினார். அவருக்கும் பில் போட்டோம். இருட்டுவதற்குள் ஆட்டோ ஏறக்குறைய காலி.

"பாத்தியா பாப்பா? முறையா பில்லுப் போட்டா யாவாரம் கூடும்" என்றார் அண்ணாச்சி. இந்தப் பொருளாதாரக் கொள்கையை மறுக்க என்னிடம் வலு இல்லை.

அறம் வென்றது, மேனேஜர் தலை குனிந்தார் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆலைக்கு வேறொரு கடையிலிருந்து இனிப்பு போனது. பில்லில் என்ன எழுதப்பட்டது என்பது எனக்குத் தெரியாது. மேனேஜருக்கு அடுத்த ஆண்டு பதவி உயர்வு கிடைத்தது. பால்காரர்களுக்குச் சித்தி தலை நிமிர்ந்து பணம் கொடுத்தார். தீபாவளிக்குப் பிறகும் கடை திறந்தது.

ஆனால் ஒரு சிக்கல். அண்ணாச்சியைக் கடைக்குள் வர வேண்டாம் என்று சித்தி சொன்ன சொல் அப்படியே நின்றுவிட்டது. வாருங்கள் என்று கூப்பிட சித்தியின் ரோஷம் விடவில்லை. கூப்பிடாமல் உள்ளே வர அண்ணாச்சியின் சட்ட அறிவு விடவில்லை. உத்தரவு திரும்பப் பெறப்படாத வரை செல்லுபடியாகும் என்பது அவர் கட்சி. அதனால் மாதாந்திர வேலையை அவர் தெருவில் நின்றே செய்யத் தொடங்கினார். ஸ்கூட்டரின் இருக்கையில் லேப்டாப். வாசல் வழியாகக் கேள்விகள்.

"அம்மா, இந்த மாசம் சீனி எங்க வாங்குனீய?"

"பழைய கடையிலதான்னு சொல்லுட்டி அவியகிட்ட."

"பாப்பா, சித்தி சொன்னது கேட்டுச்சுன்னு சொல்லு."

கடைத்தெருவே இதைக் கண்டு களித்தது. கோயிலுக்கு வந்தவர்கள், பால்கோவாக் கடைகளுக்கு வெளியே இப்படி ஒருவர் நிற்பது தலப் பழக்கம் போலும் என்று எண்ணியிருக்கக் கூடும்.

கார்த்திகையில் ஒரு பிற்பகல், மலையிலிருந்து இறங்கிய மழை முன்னறிவிப்பில்லாமல் பிடித்துக்கொண்டது. அண்ணாச்சி லேப்டாப்பைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, ஹெல்மெட் வழியாக நீர் ஒழுக, அதே சாக்கடை மூடியின் மேல் நின்றார். ரிட்டனுக்கு அன்றுதான் கடைசி நாள். எதிர்க்கடையில் ஒதுங்கலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் போயிருக்க மாட்டார். அது எங்கள் கடையின் கணக்கு.

சித்தி கிளறிக்கொண்டிருந்த கரண்டியை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார். அடுப்பில் பால் இருக்கும்போது அவர் எழுந்து நான் பார்த்ததில்லை. உள்ளேயிருந்து நீலத் தார்ப்பாயை இழுத்து வந்து, ஒரு நுனியைக் கடையின் கம்பியிலும் மறு நுனியைத் தெருவோர மின்கம்பத்திலும் கட்டினார். ஸ்கூட்டருக்கும் அவருக்கும் சரியாகப் போதுமான கூரை. அடுப்புக்குத் திரும்பினார்.

அண்ணாச்சி மேலே பார்த்தார். கீழே பார்த்தார்.

"அம்மா, ஒரு சந்தேகம். இது இப்ப கடையா, தெருவா?"

சித்தி கரண்டியை எடுத்துக்கொண்டார். "கடையும் இல்ல, தெருவும் இல்ல அண்ணாச்சி. நீங்க நிக்குற எடம்."

எந்தப் பிரிவில், எந்த உட்பிரிவில் என்று அண்ணாச்சி கேட்கவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றி, ஈரத்தை உதறி, ஸ்கூட்டரின் கண்ணாடியில் மாட்டினார். அவருக்கு முன்நெற்றியில் வழுக்கை விழத் தொடங்கியிருந்ததை அன்றுதான் கண்டேன். நான் உள்ளே போய் ஒரு நாற்காலியை எடுத்து வந்து, நனையாத பக்கமாகப் பார்த்து அவருக்குப் போட்டேன்.